பிணியாளர் அணிந்த சீவரம்



பெங்களூர் மர்பி டவுனை அறியாத வாசகர்க்காக ஒரு வார்த்தை. முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கி, பின்பு கண்டோன்மென்டில் எஞ்சினீயராயிருந்த மர்பி என்பவரின் பெயரைப் பெற்ற பகுதி அது, அல்சூரை அடுத்துள்ளது. தமிழ் பேசும் உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாக வாழுமிடம். அங்கிருந்து சிறிது தொலைவில் இந்திரா நகரில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது; சம்பளப் பட்டியலில் பெயருள்ள தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் அது உரியது. பழைய விமான நிலையச் சாலைப் பக்கம் சென்றால் கமாண்ட் ஆஸ்பத்திரி. அது படைவீரர்க்கு உரியது. மத்திய சர்க்கார் ஊழியர்க்கு 1954 முதல் தனித் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. வீட்டு வேலை செய்யும் அம்மையும், ஆட்டோ ஓட்டுபவரும், காய்கறி வண்டி தள்ளுபவரும் இவற்றுள் எதற்கும் உரியராகாமல் சிவாஜி நகர் பௌரிங் ஆஸ்பத்திரியின் வரிசையில் நிற்கின்றனர். ஒரே தெருவில் ஒரே காய்ச்சலில் படுத்த நால்வர் நான்கு வாயில்களைத் தேடிப் போகிறார்கள்.

இவ்வூர் இளைஞர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை விடுத்தனர். அரசு தன் குடிகள் அனைவருக்கும் செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி இலவசமாக வைத்தியம் செய்தல் வேண்டுமா? அல்லது இல்லாதவர்க்கு மட்டும் செய்து, உள்ளவரை அவரவர் கைப்பொருளைக் கொண்டு பார்த்துக்கொள்ள விடுவதே நீதியா? இஃது அரசியலார் பேசவேண்டிய காரியம், தம்ம உபதேசத்தில் இதற்கு இடமில்லை என்று பெரியவர் ஒருவர் மறுத்தார். நாம் அவ்வாறு கருதவில்லை. விநய பிடகத்தைத் திறந்தால், இதே வினா மகத நாட்டின் வீதிகளில் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன்னரே எழுந்து நின்றதைக் காண்கிறோம்.

மகாவக்கம் கூறும் வரலாறு இது. மகதத்தில் ஒரு காலத்தில் ஐந்து நோய்கள் பரவின. குட்டம், கட்டி, படை, க்ஷயம், காக்கைவலிப்பு என்பன அவை. அந்நாட்டில் ஜீவகர் என்னும் வைத்தியர் ஒருவர் இருந்தார். தக்கசீலத்தில் ஏழாண்டு கற்றுத் தேர்ந்தவர். நோயுற்ற ஜனங்கள் திரள் திரளாக அவர் வாயிலுக்கு வந்தனர். எம் உடைமை முழுவதையும் தருகிறோம், நாங்களும் உமக்கு அடிமைகளாகிறோம், எம்மைக் குணப்படுத்தும் என்று மன்றாடினர். ஜீவகரோ தமக்கு வேலை மிகுதி என்றார். அரசன் பிம்பிசாரனைக் கவனிக்க வேண்டும், அந்தப்புரத்தைக் கவனிக்க வேண்டும், புத்தர் பெருமானைத் தலைவராகக் கொண்ட பிக்கு சங்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆகையால் உங்களுக்கு வைத்தியம் செய்ய இயலாது என்று கூறிவிட்டார்.

ஜனங்கள் யோசித்தனர். பிக்குகளுக்கு ஜீவகர் மருந்து கொடுக்கிறார். நாமும் பிக்குகளானால் நமக்கும் கொடுப்பார் அன்றோ? உடனே விகாரைக்குச் சென்று தலையை மழித்துச் சீவரம் அணிந்தனர். பிக்குகள் அவர்களுக்குப் பணிவிடை செய்தனர், ஜீவகர் மருந்தளித்தார். நாளுக்கு நாள் பிணியாளர் பெருகினர். நோயாளிக்கு உணவு தாருங்கள், நோயாளியைப் பார்ப்பவருக்கு உணவு தாருங்கள், மருந்து தாருங்கள் என்று பிக்குகள் வீடு வீடாக ஓயாது கேட்கும்படி ஆயிற்று. ஜீவகரும் அரசகாரியம் ஒன்றைத் தவறவிட்டார். பின்னர் ஒருநாள், தம்மால் நோய் நீங்கிய ஒருவன் சீவரத்தைக் களைந்துவிட்டு வீதியில் நடந்து செல்வதை அவர் கண்டார். நீர் பிக்குவாயிருந்தீர் அல்லவா என்று கேட்டார். ஆம், மருந்துக்காகவே அவ்வாறு செய்தேன் என்றான் அவன். ஜீவகர் மனம் வருந்திப் பகவானிடம் முறையிட்டார். அன்று முதல் இவ்வைந்து நோயுடையாருக்குத் துறவு அளித்தல் ஆகாது என்று விதி உண்டாயிற்று. இன்றும் உபசம்பதை பெற வருவோனை அவ்வைந்து நோய்களின் பெயரைச் சொல்லி, உனக்கு இவை உண்டா என்று சங்கம் வினவுகிறது. மகதத்து நோயாளிகளின் நினைவு அந்த வினாவில் இன்னும் தங்கியிருக்கிறது.

இவ்வரலாற்றை உபதேசகர்கள் பெரும்பாலும் போலித் துறவுக்கு எச்சரிக்கையாகவே எடுத்துரைப்பர். அதுவும் ஒரு பொருளே. ஆயினும் நாம் அந்த நோயாளியின் பக்கமாகவும் நின்று பார்க்க வேண்டும். அவன் வஞ்சகனாகத் தொடங்கவில்லை. முதலில் நேர்வழியாகத்தான் வந்தான். உடைமையெல்லாம் தருவதாகச் சொன்னான். தன்னையே அடிமையாகத் தர முன்வந்தான். நேர்வழி அடைபட்ட பின்னரே வேஷம் பூண்டான். வைத்தியம் ஓர் உடைக்குரியதாக இருந்தது. ஆகவே உடையைத் தேடினான். சீவரத்துக்கு மட்டும் மருந்து என்ற ஏற்பாடே பொய்யை விளைத்தது.

பகவான் செய்த விதி சங்கத்தைக் காத்தது. சங்கம் விடுதலை நாடுவோர் கூடும் இடம். அதை வைத்தியசாலையாக மாற்ற அவர் உடன்படவில்லை. அவ்விதியை ஏற்கிறோம். ஆனால் அதன் மறுநாள் மகதத்து வீதியில் என்ன நிகழ்ந்திருக்கும்? ஜீவகர் வாயிலும் அடைபட்டது, விகாரையின் வாயிலும் அடைபட்டது. நோய் மட்டும் அடைபடவில்லை. அரண்மனைக்கு ஒரு ஜீவகரை அமர்த்திய பிம்பிசாரன் ஊருக்கென்று பத்து ஜீவகரை அமர்த்தினான் என்று நூலில் இல்லை. கடமை யாருடையதோ அவரிடமே அது நிறைவேறாமல் கிடந்தது.

அரசர் கடமையைப் பற்றிப் பகவான் வேறோரிடத்தில் விரிவாகவே உரைத்திருக்கிறார். தீக நிகாயத்துச் சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் ஓர் அரசன் வருகிறான். குடிகளுக்குக் காவல் தந்தான். வறியோர்க்குப் பொருள் தரவில்லை. வறுமை பெருகிற்று, வறுமையால் களவு பெருகிற்று, களவினால் ஆயுதமும் கொலையும் பெருகின, தண்டனைக்கு அஞ்சியவர் பொய் சொல்லக் கற்றனர். மனிதர் ஆயுளும் அழகும் தலைமுறைக்குத் தலைமுறை குன்றின என்று அச்சுத்தம் முடிச்சை முடிச்சாக அவிழ்த்துக் காட்டுகிறது. கவனியுங்கள்: பொய் அங்கே பின்னர்தான் வருகிறது. முதலில் வருவது அரசனின் கைமூடல்.

இனி நம் நாளின் சீவரங்களுக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்பதாக வகுத்தது. கர்நாடக அரசு அதைத் தன் திட்டத்தோடு இணைத்தபோது, வறுமைக்கோட்டு ரேஷன் அட்டை உடையார்க்கு முழுச் செலவும், அது இல்லாதார்க்கு நூற்றுக்கு முப்பது பங்கும் என்று பிரித்தது. பெரிய உதவிதான், அதனால் உயிர் பிழைத்தவர்களை நாம் அறிவோம். ஆனால் அட்டையே இங்கே சீவரம். 2024 நவம்பரில் தகுதியற்ற அட்டைகளை நீக்கப் புகுந்தபோது கர்நாடகமெங்கும் எழுந்த கூக்குரலை வாசகர் மறந்திருக்கமாட்டார். நீக்கியவற்றுள் பலவற்றை அரசு திரும்ப அளிக்க வேண்டியதாயிற்று. அரிசிக்காக மட்டும் ஜனங்கள் அப்படிப் பதறவில்லை. அட்டை போனால் ஆஸ்பத்திரிக் கட்டிலும் போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவனை நினைத்துப் பாருங்கள். சம்பளம் சிறிது உயர்ந்தால் இ.எஸ்.ஐ.யின் வரம்பைக் கடக்கிறான். 2017-இல் அவ்வரம்பு மாதம் 21,000 ரூபாய் என வைக்கப்பட்டது. வேலை போனாலோ பட்டியலிலிருந்தே விழுகிறான். இரண்டுக்கும் நடுவில் சிறுநீரகம் பழுதானால் மனைவியின் தாலியும் வீட்டுப் பத்திரமும் அடகுக்கடைக்குச் செல்கின்றன. நேற்று கோட்டுக்கு மேலிருந்தவன் இன்று கோட்டுக்குக் கீழே வந்துவிட்டான். அட்டை அவனுக்கு நாளைக்குத்தான் கிடைக்கும். ஏழைக்கு மட்டும் வைத்தியம் என்று சொல்லுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பே ஏழையாயிருந்தவனுக்கு அவர்கள் வழி சொல்கிறார்கள். நோயினாலேயே ஏழையாகிறவனுக்கு வழி சொல்வதில்லை. இன்னொன்று: ஆயுஷ்மான் திட்டம் ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கே பயன்படும். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. குடும்பத்தின் பணம் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது அந்த மாத்திரையில்தான்.

செல்வனுக்கு ஏன் இலவசம் என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வியே. செல்வனிடம் வாங்க வேண்டியதை அவன் நலமாயிருக்கும்போது வரியாக வாங்குக. அவன் படுத்திருக்கும் கட்டிலின் ஓரத்தில் நின்று வாங்க வேண்டா என்பது நம் விடை. செல்வனும் வந்து நிற்கும் வரிசையில்தான் கட்டில் உடைந்தால் செப்பனிடுவார்கள், மருந்து தீர்ந்தால் கேள்வி எழும். ஏழைக்கு மட்டுமென்று ஒதுக்கியது எதுவும் நாளடைவில் என்ன கதியாகிறது என்பதை மர்பி டவுனில் வாழ்வோர்க்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

தாய்லாந்து இதை அனுபவத்தில் கற்றது. அங்கே 1975 முதல் வறியோர்க்கென்று தனி வைத்தியத் திட்டமும் அட்டையும் இருந்தன. அட்டை பெற்றவருள் வறியரல்லாதார் பலர் இருந்தனர். வறியருள் அட்டை பெறாதாரும் பலர் இருந்தனர். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகச் சலித்துப் பார்த்தும் உமி பிரியவில்லை. பிறகு 2002-இல் சட்டம் செய்து, அரசு ஊழியத் திட்டத்திலும் தொழிலாளர் காப்பீட்டிலும் சேராத அனைவரையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தனர். ஒரு முறைக்கு 30 பாத் கொடுத்தால் போதும். அந்நாளில் தாய்லாந்து பெருஞ்செல்வ நாடன்று. 1997-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது.

நமக்கு இன்னும் அண்மையிலுள்ள இலங்கை 1951-இலேயே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை நீக்கியது. 1971-இல் சிறு கட்டணம் ஒன்றை மீண்டும் வைத்துப் பார்த்து, 1977-இல் கைவிட்டது. கிராமத்துத் தாயும் கொழும்புத் தாயும் ஒன்றுபோல் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகின்றனர். பிள்ளைப்பேற்றில் இறக்கும் தாய்மார் தொகை இந்தியாவில் 2018-20 கணக்குப்படி லட்சம் பேற்றுக்கு 97. கர்நாடகத்தில் 69, தமிழ்நாட்டில் 54. இலங்கையில் அது நாற்பதுக்கும் குறைவு. 2022-இல் அந்நாட்டுக் கருவூலம் வற்றியபோது ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் மக்கள் பட்ட துன்பத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். இலவசம் என்று எழுதிவைத்தால் மட்டும் மருந்து வந்துவிடாது. கருவூலத்தைக் காப்பவன் நேர்மையாளனாயிருத்தல் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த தடை. அரசின் சொந்தக் கணக்கையே பார்ப்போம். நம் தேசத்தில் வைத்தியத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஜனங்கள் தம் மடியிலிருந்து நேரே கொடுப்பது 2013-14-இல் 64 ரூபாயாயிருந்தது. 2021-22-இல் 39 ரூபாயாகக் குறைந்தது. குறைந்தது நன்று, மறுக்கவில்லை. ஆனால் பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதானே இருக்கிறது? நோயாளியின் மடியிலிருந்து போகிறது என்பதே வேறுபாடு. அரசுகள் எல்லாம் சேர்ந்து வைத்தியத்துக்குத் தருவது அவ்வாண்டில் நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 1.84. 2025-க்குள் இதனை 2.5 ஆக்குவோம் என்று 2017-இல் அரசே கொள்கை வகுத்திருந்தது. சிக்கனத்துக்கும் வழி உண்டு. தமிழ்நாடு 1994-இல் மருந்து வாங்குவதற்கென்றே ஒரு கழகம் அமைத்து, மொத்தமாக ஒப்பந்தம் கோரி மலிவாக வாங்கி, அரசினர் ஆஸ்பத்திரிக்கு வருவோர்க்கு இலவசமாக அளித்து வருகிறது. அங்கே மருந்துச் சன்னலில் வருமானச் சான்று கேட்பதில்லை.

வைத்தியர்கள் பட்டினி கிடப்பதா என்றும் சிலர் கேட்பர். ஜீவகர் பட்டினி கிடக்கவில்லை, அன்பர்களே! சாகேதத்து வணிகர் வீட்டில் மட்டும் பதினாறாயிரம் பெற்றார். ராஜகிருகத்துச் செட்டியின் தலைநோயைத் தீர்த்து ஒரு லட்சம் பெற்றார். சங்கத்துக்கு அவர் வைத்தியம் செய்தது அரசன் ஆணையால். அரசன் அவரைப் போற்றி வைத்திருந்தான். வைத்தியர்க்குக் குறைவறக் கொடுக்க வேண்டியது அரசு என்பதே அதில் நாம் காண்பது. ஒரே ஜீவகர் இருந்ததுதான் மகதத்தின் குறை. மக்களுக்குப் போதிய வைத்தியரும் தாதியரும் இல்லாமல் சட்டம் மட்டும் இருந்தால், உடைமையெல்லாம் தருவதாகச் சொல்லியும் திரும்பிப்போன மகதத்தாரைப்போலவே நாமும் திரும்ப நேரும்.

மேற்கு வங்காளத்தில் 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஓர் உழைப்பாளியை அரசினர் ஆஸ்பத்திரிகள் பல, கட்டில் இல்லை, வசதி இல்லை என்று அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டியே அவர் உயிர் பிழைத்தார். 1996-இல் சுப்ரீம் கோர்ட் இவ்வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்றும், பணமில்லை என்று அரசு கைவிரித்தல் ஆகாது என்றும் தீர்ப்பளித்தது. டாக்டர் அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மக்கள் நலத்தை உயர்த்துதல் அரசின் முதற் கடமைகளுள் ஒன்று எனக் கூறுகிறது. அதற்கு முன்னரே, 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, பணம் செலுத்த இயலாமையால் எவனும் தக்க வைத்தியத்தை இழத்தலாகாது என்பதைத் தன் அடிப்படையாக வைத்தது. அக்குழுவில் நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் இருந்தார். எழுதிவைப்பதில் நாம் ஒருநாளும் பின்னடைந்ததில்லை!

அசோக மாமன்னரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டை இங்கே நினைக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு நாளில் சென்றுவரக்கூடிய எர்ரகுடியிலும் அது பாறையில் இருக்கிறது. தம் ஆட்சியில் எங்கும், எல்லைக்கு அப்பாலிருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணியாகிய இலங்கையிலும் மனிதருக்கும் கால்நடைக்கும் இருவகை வைத்தியம் ஏற்படுத்தியதாக அவர் அதில் தெரிவிக்கிறார். மூலிகை இல்லாத இடங்களுக்கு மூலிகை கொண்டுவந்து நடச்செய்தார். தம் குடிகள் என்றும் பிற அரசரின் குடிகள் என்றும் பிரிக்கவில்லை. மாட்டைக்கூட வெளியே நிறுத்தவில்லை. வீரராஜேந்திர சோழன் காலத்தில், கி.பி. 1068-ஐ ஒட்டி, திருமுக்கூடலில் பதினைந்து கட்டில்களோடு ஓர் ஆதுலர் சாலை நடந்தது. வைத்தியனுக்கும், அறுவை செய்வானுக்கும், மருந்து கொணர்வார்க்கும், தாதியருக்கும் ஊதியம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. மெச்சத்தக்க ஏற்பாடு. ஆனால் அக்கட்டில்கள் கோயிலைச் சார்ந்த மாணவர்க்கும் பணியாளர்க்கும் உரியவை. வயலில் நாற்று நட்டவளுக்கு அங்கே கட்டில் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. அசோகரின் பாறைக்கும் திருமுக்கூடல் சுவருக்கும் உள்ள இடைவெளிதான் இன்று நாம் பேசும் விஷயம்.

பெங்களூரும் இதை இருமுறை கண்டிருக்கிறது. 1898 ஆகஸ்டில் பிளேக் ரயிலேறி வந்தபோது அது பேட்டைக்கும் பங்களாவுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் பணமிருந்தவரும் ஆக்சிஜன் கிடைக்காமல் அலைந்தனர். அவ்வாண்டு ஜூன் 21 முதல் பதினெட்டு வயது நிறைந்த எவர்க்கும் அரசினர் நிலையங்களில் தடுப்பூசி இலவசமாயிற்று. கையை நீட்டியவரிடம் வருமானம் கேட்கவில்லை. வானம் இடிந்து விழவில்லையே! 2024 அக்டோபரில் மத்திய அரசு, எழுபது வயது நிறைந்தோரை வருமானம் பாராமலே ஆயுஷ்மான் திட்டத்தில் சேர்க்கத் தொடங்கியது. எழுபதில் சரியாகும் நீதி நாற்பதில் எப்படிப் பிழையாகும்?

சட்டத்தால் ஆகாத பங்கு ஒன்றும் உண்டு. வயிற்றுப்போக்கால் வருந்தித் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் ஒருமுறை கண்டார். பிறருக்கு அவர் உதவியாயிருந்ததில்லையாம். ஆகவே பிறரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, தம் கையாலேயே நீர் வார்க்க, ஆனந்தர் அவரைக் கழுவினார்; இருவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். பின்பு சங்கத்தைக் கூட்டி, இங்கே உங்களுக்குத் தாயுமில்லை தந்தையுமில்லை, ஒருவரையொருவர் நீங்கள் பாராவிடில் வேறு யார் பார்ப்பார் என்று கேட்டார். அவர் உதவாதவராயிற்றே, தகுதியில்லாதவராயிற்றே என்னும் கணக்கைப் பகவான் கேட்டறிந்தார். ஆனால் அக்கணக்கின்படி நடக்கவில்லை. நோயாளியைப் பார்ப்பவன் மருந்து கலக்கத் தெரிந்தவனாயும், ஏற்றதும் ஏலாததும் அறிந்தவனாயும், ஆதாயம் கருதாதவனாயும், மலஜலத்துக்கு அருவருக்காதவனாயும், நல்ல வார்த்தையால் தேற்ற வல்லவனாயும் இருக்கவேண்டும் என்றும் வகுத்தார். இலவச ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் கை நீட்டுவோரைப் பற்றி ஜனங்கள் சொல்லும் குறைகளை எண்ணும்போது, ஐந்தில் மூன்றாவது எத்துணை அரியது என்று தோன்றுகிறது.

எல்லார்க்கும் வைத்தியம் என்ற சட்டத்தைக் கேட்பது நம் ஓட்டுரிமையின் வேலை. தேர்தலுக்கு வருவோரிடம் இவ்வொன்றை அட்டைக்கணக்கு இல்லாமல் கேளுங்கள். அது வருமளவும் மர்பி டவுனிலும் அல்சூரிலும் தனியாக வாழும் முதியோர் பௌரிங் ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையில் வரிசை பிடிக்கத் துணையில்லாமல் நிற்கின்றனர். சீட்டு வாங்கவும், இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும், மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னால் எப்போது வரும் என்று கேட்டெழுதிக்கொள்ளவும் ஒரு துணை வேண்டும். வாரத்தில் ஒரு காலையைத் தரக்கூடிய உபாசக உபாசிகைகள் தம் பெயரையும் தமக்கு ஏற்ற நாளையும் சங்கத்தாரிடம் எழுதிக் கொடுக்கவும். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெயர் முதலில் வேண்டும். சீட்டுகள் பெரும்பாலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலுமே இருக்கின்றன.